மோலி குட்டி போடப் போகிறது: முதல் முறை இனப்பெருக்கம், என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

உறையூர் தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 2 அடித் தொட்டி ஒன்று இரண்டு மாதமாக ஓடுகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஓரமாகக் கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி. பிளாக் மோலியும் கப்பியும் இருக்கின்றன, இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும் மீன்கள். பெண் மோலி ஒன்றுக்கு வயிறு நன்றாக உப்பி, பின்பக்கம் சதுரமாகத் தெரிகிறது. இரண்டு நாளாக மற்ற மீன்களை விட்டு விலகி, ஃபில்டருக்குப் பின்னால் மூலையிலேயே நிற்கிறது.

கடைக்காரர் பிளாஸ்டிக்கில் ஒரு பிரீடிங் பாக்ஸ் கொடுத்து, "இதில் பிடித்துப் போடுங்கள், குட்டி கீழே விழுந்துவிடும்" என்றார். போடலாமா? குட்டிகளுக்கு என்ன தீனி? எங்களுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வரும். நண்பர் ஒருவர் கேன் தண்ணீர்தான் சுத்தம், அதையே ஊற்று என்கிறார். இது முடிந்ததும் ஃபைட்டர் (பெட்டா) மீனிலும் குஞ்சு எடுத்துப் பார்க்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் பக்கம்

வாழ்த்துகள் தம்பி. மூலையில் ஒதுங்கி நின்றால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் வலை போட்டுத் துரத்திப் பிடிக்காதீர்கள். பயந்துபோன தாய் குறைமாதக் குட்டிகளைப் போட்டுவிடும். வயிற்றில் கரு உணவுப் பையோடு அப்படியே வெளியே வந்து விழும் குட்டிகள் பிழைப்பது அரிது.

பாக்ஸை விடச் செடி நல்லது. ஹைட்ரில்லா, ஹார்ன்வர்ட், வாட்டர் ஸ்பிரைட், ஜாவா மாஸ் இதில் எது கிடைத்தாலும் இரண்டு கைப்பிடி வாங்கி, ஒரு பக்கம் மேலேயே மிதக்க விடுங்கள். மோலி, கப்பிக் குட்டிகள் பிறந்ததும் மேல்மட்டத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். பெரிய மீன் நுழைய முடியாத அளவுக்கு அடர்த்தி இருந்தால் போதும். செடி கிடைக்காவிட்டால் கட்டட வேலைக்கு வாங்கும் பச்சை வலையை நன்றாக அலசிச் சுருட்டிப் போடலாம். விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது.

கேன் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. மோலி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன். கடலை ஒட்டிய உப்புக் கலந்த நீரிலும் வாழ்கிற இனம். மென்மையான தண்ணீரில் விட்டால் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். பலர் அதைக் குளிர் நடுக்கம் என்று நினைத்து ஹீட்டர் வாங்குகிறார்கள். தண்ணீரில் உள்ள குறைதான் காரணம். உங்கள் போர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்து, ஏர் ஸ்டோனும் ஓடவிட்டால் போய்விடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு போடலாம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மோலிக்கும் கப்பிக்கும் குட்டி போடவைக்க நாம் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் மாதாமாதம் வரும். உங்கள் வேலை குட்டி பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. அவற்றை எங்கே வளர்ப்பது, வளர்ந்ததும் யாரிடம் கொடுப்பது, இந்த இரண்டுக்கும் இன்றே பதில் தேடி வையுங்கள்.

பாசி

கொளத்தூர் அண்ணன் சொன்னதில் பாக்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. செடி நிறைய இருக்கிற தொட்டிக்கு அது சரி. ஆனால் நான்கு தண்டு வாலிஸ்னேரியா மட்டும் உள்ள தொட்டியில், கூடவே கப்பிக் கூட்டமும் இருந்தால், விடிவதற்குள் ஒரு குட்டிகூட மிஞ்சாது. தாயே தின்றுவிடும். பிறந்த குட்டியும் மற்ற தீனியும் அதற்கு ஒன்றுதான்.

பாக்ஸைத் தாய்க்குப் பயன்படுத்தாமல் குட்டிகளுக்குப் பயன்படுத்துங்கள். அதாவது தாய் வெளியே சுதந்திரமாகக் குட்டி போடட்டும். கண்ணில் படும் குட்டிகளைச் சின்னக் கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு பாக்ஸில் விடுங்கள். அதே தொட்டித் தண்ணீர், அதே வெப்பம், எனவே குட்டிக்கு அதிர்ச்சி இல்லை. ஆனால் இது முதல் சில நாள்களுக்கு மட்டும். அந்தச் சின்ன இடத்தில் வாரக்கணக்கில் வைத்தால் நீரோட்டம் இல்லாமல் தீனி தேங்கி அழுகும், குட்டியின் வளர்ச்சியும் நின்றுபோகும்.

கொளத்தூர் பக்கம்

பாசி சொல்வது நியாயம். குட்டிக்குப் பாக்ஸ் என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். மோலி கப்பியை விட உடம்பில் பெரிது, அந்தப் பெட்டிக்குள் திரும்பக்கூட முடியாது. அதனால்தான் தாயைப் போட வேண்டாம் என்றேன்.

யாழ் தொட்டி

வணக்கம். தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு கடினம். இந்தத் தண்ணீரில் மோலி, கப்பி, பிளாட்டி, சோர்ட் டெயில் நான்கும் அருமையாக வளர்கின்றன. அதே தண்ணீரில் நியோன் டெட்ராவை முட்டையிட வைக்க முயன்றால் முட்டை பொரிக்காது. அது அமேசான் பக்கத்து மென்மையான, அமிலத்தன்மை உள்ள நீரிலிருந்து வந்த மீன். தொடங்குகிறவர் முதலில் தன் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மீனைத் தெரிவு செய்தால் பாதிச் சிக்கல் வராது. மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதென்றால் ஒவ்வொரு வாரமும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் மீன்தான் கஷ்டப்படும்.

கடினத் தண்ணீரில் ஒரு ஆபத்தும் உண்டு. பிஹெச் (நீரின் அமில, கார அளவு) 8-ஐத் தொடும்போது, மீன் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வரும் அமோனியாவின் நச்சு பல மடங்கு கூடும். வெப்பம் கூடினாலும் அப்படியே. நம் ஊர்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகையால் தீனி மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது நமக்கு மிக முக்கியம்.

உறையூர் தொட்டி

எல்லோருக்கும் நன்றி. போர் தண்ணீரும் செடியும் ஏற்பாடு செய்தாயிற்று. இன்று காலை பார்த்தால் குட்டிகள்! ஹார்ன்வர்ட்டுக்குள் கறுப்பாகத் துள்ளுகின்றன. முப்பதுக்கு மேல் இருக்கும், ஓடிக்கொண்டே இருப்பதால் எண்ண முடியவில்லை. பாசி சொன்னபடி கிண்ணத்தால் எடுத்துப் பாக்ஸில் விட்டிருக்கிறேன். இவ்வளவு குட்டிக்கும் இப்போது என்ன கொடுப்பது? முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

வைகைக் கரை

மோலிக் குட்டி பிறந்த அன்றே வாய் திறந்து தின்னும். அது பெரிய வசதி. பெரிய மீனுக்குப் போடும் தீனியையே இரண்டு விரலுக்கு நடுவே மாவாகத் தேய்த்துத் தூவுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் துளியளவு. மஞ்சள் கரு அவசரத்துக்கு உதவும், ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் அதற்கு இணை கிடையாது. ஊசிமுனை அளவு கொடுத்தாலும் அரை மணியில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

குட்டி வேகமாக, ஆரோக்கியமாக வளர ஆர்ட்டிமியாதான், அதாவது உப்பு நீரில் வாழும் நுண்ணிய இறால் இனத்தின் குஞ்சு. செய்முறை எளிது. ஒரு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர், அதில் அயோடின் கலக்காத கல் உப்பு 25 முதல் 30 கிராம், அரை டீஸ்பூன் ஆர்ட்டிமியா முட்டை. ஏர் குழாயை அடிவரை விட்டுத் தண்ணீர் நன்றாகச் சுழலும்படி காற்று விடுங்கள். பக்கத்தில் விளக்கு எரியட்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். அப்புறம் காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் சேரும். கீழே ஒரு டார்ச் வைத்தால் வெளிச்சத்தை நோக்கி இன்னும் வேகமாகக் கூடும். சின்னக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிக் கொடுங்கள். ஓடு சேர்ந்து போகக் கூடாது, குட்டியின் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. நேரம் போகப் போக அது தன் கருவுணவைத் தானே செலவழித்துவிடும்.

சாப்பிட்டதும் குட்டிகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். அதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சலிப்பு வரவில்லை.

சின்ன மீன்

டியூபிஃபெக்ஸ் புழுவை நறுக்கிக் கொடுத்தால் இதைவிட வேகமாக வளருமே? பண்ணைகளில் அதைத்தானே போடுகிறார்கள்?

வைகைக் கரை

வளரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. பண்ணைக்காரர்கள் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் அலசி, செத்த புழுவைக் கழித்து, அன்றன்று தீர்த்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு டம்ளரில் வைத்துக் கொடுக்கும்போது கிருமியும் சேர்ந்தே தொட்டிக்குள் போகும். தொடங்குகிற ஒருவருக்கு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். உயிர்த்தீனி வேண்டுமென்றால் மொய்னா (மிகச் சிறிய நீர்த்தெள்ளு) வளருங்கள். நுண்பாசியால் பச்சையான தண்ணீர் உள்ள ஒரு தொட்டி மொட்டைமாடியில் இருந்தால் போதும். மேலே கொசுவலை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

கொளத்தூர் பக்கம்

குட்டிகளைப் பாக்ஸிலிருந்து எப்போது எடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தனித் தொட்டி கண்ணாடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். ஆனால் புது டப்பில் புது ஃபில்டர் வைத்தால் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் இருக்காது. அவை பெருகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் குட்டி போய்விடும். அதனால் இன்றே ஒரு புது ஸ்பாஞ்ச் வாங்கிப் பெரிய தொட்டியிலேயே பழைய ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். டப்புக்குப் போகும் நாளில் பழைய ஸ்பாஞ்சைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, புதியதைப் பெரிய தொட்டியில் விட்டுவிடலாம்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இன்னொரு நன்மை, குட்டிகள் உறிஞ்சப்படாது. அதன் மேலே ஒட்டியிருப்பதைக் கொத்திக் கொத்தித் தின்னவும் செய்யும்.

டப்பில் நாளுக்கு நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஏர் குழாயால் அடி அழுக்கை உறிஞ்சிவிட்டு, முந்தைய நாளே எடுத்து வைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். தீனியை விடத் தண்ணீர் மாற்றம்தான் குட்டியைப் பெரிதாக்குகிறது. மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

உறையூர் தொட்டி

புது ஸ்பாஞ்ச் உள்ளே ஓடுகிறது, நன்றி அண்ணா. அடுத்த கேள்வி, ஃபைட்டர். ஒரு ஜோடி வாங்கிவிடலாமா? முட்டைக் கூடு கட்டுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

சின்ன மீன்

தாராளமாக வாங்குங்கள். ஆணை ஒரு சின்னத் தொட்டியில் விட்டு, அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் வைத்து, மேலே ஒரு நாட்டு வாதுமைச் சருகு போடுங்கள். பெண்ணை ஒரு கண்ணாடிக் குழாயில் நடுவே வைத்தால் ஆண் அதைப் பார்த்துக்கொண்டே சருகுக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். பெண்ணின் உடம்பில் குறுக்கே செங்குத்துக் கோடுகள் தெரிந்து, வயிறும் நிரம்பியிருந்தால் திறந்து விடலாம். ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணை அணைக்கும், முட்டை மெதுவாகக் கீழே இறங்கும், ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் கொன்றுவிடும். ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். ஆண்தான் காவல். குஞ்சுகள் படுக்கைவசமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடுங்கள்.

கொளத்தூர் பக்கம்

சின்ன மீன் சொன்ன முறை சரியானது. ஆனால் முட்டை பொரிந்ததோடு கதை முடிந்துவிடாது. தம்பி உறையூர், அதற்குப் பிறகு வருவதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபைட்டர் குஞ்சு மோலிக் குட்டி மாதிரி இல்லை. ஆர்ட்டிமியாவே அதன் வாய்க்குப் பெரிதாக இருக்கும் நாள்கள் உண்டு. முதல் சில நாளுக்கு இன்ஃப்யூசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி வேண்டும். முட்டைக்கோஸ் இலையோ வாழைப்பழத் தோலோ தொட்டித் தண்ணீரில் போட்டு வெயில் படும் இடத்தில் வைத்தால், முதலில் கலங்கி நாறும், பிறகு தெளியும். தெளிந்த பிறகுதான் அந்த நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். இதை ஜோடி சேர்ப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முட்டை பொரிந்த பிறகு தேடினால் குஞ்சு பட்டினியில் போய்விடும். அப்புறம் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்கு மூன்று, நான்கு வார வயதில்தான் உருவாகும். அந்தக் காலத்தில் தொட்டியை மூடி வைத்து, மேலே நிற்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். எனக்குப் பெரிய கவலை வேறு. இரண்டு, மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும். ஒரு ஈட்டில் நூறு குஞ்சு பிழைத்து, அதில் பாதி ஆண் என்றால் ஐம்பது பாட்டில். ஐம்பதுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும், தீனி போட வேண்டும். சென்னைக் கொளத்தூரில் குடும்பம் குடும்பமாக இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் மொட்டைமாடி முழுக்க பாட்டில் அடுக்கி வைத்திருப்பது இதனால்தான். இடமும் நேரமும் இருந்தால் அழகான வேலை. இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம்.

பாசி

ஆசையைக் கெடுக்க வேண்டாமே அண்ணா. கூடு கட்டுவதைப் பார்க்கப் பெண்ணே தேவையில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஆண் தனியாக இருந்தாலும் நுரைக்கூடு கட்டும். ஒரு ஆண், ஒரு வாதுமைச் சருகு, மூடி போட்ட சின்னத் தொட்டி போதும்.

கொளத்தூர் பக்கம்

இது நல்ல யோசனை. இப்படியே செய்யுங்கள்.

ஆய்வுக்கூடம்

நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். கப்பி வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆண் கப்பியின் நிறங்களில் சில தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும், ஏனென்றால் அவற்றின் மரபணு ஒய் குரோமோசோமில் இருக்கிறது. டென்மார்க்கில் யோஹான்னஸ் ஷ்மிட், அடுத்து ஓய்விண்ட் விங்கே ஆகியோர் 1920-களில் இதை இந்தச் சின்ன மீனை வைத்தே காட்டினார்கள். என்ட்லர் கப்பியின் அறிவியல் பெயரில் விங்கேயின் பெயர்தான் இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். பெண் கப்பி ஒரு முறை இணைந்தால் அந்த விந்தைப் பல மாதம் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே பல ஈடு குட்டி போடும். கடையில் கலந்து வைத்திருந்த பெண்ணை வாங்கி, உங்களிடம் உள்ள அழகான ஆணோடு விட்டால், வரும் குட்டிகள் அந்த ஆணுடையவை என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால், உங்கள் தொட்டியில் பிறந்த பெண்களை ஒரு மாதம் முடிவதற்குள் பிரித்து வளர்த்துவிட்டு, பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த ஆணோடு விடுங்கள். ஆணின் பின்பக்க அடித்துடுப்பு கூராகக் குச்சி மாதிரி நீளும், பெண்ணுக்கு விசிறியாக இருக்கும். வாலின் நிறம் வருவதற்கு முன்பே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும், ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அண்ணன் தங்கையாகவே தலைமுறை தலைமுறையாகப் பெருகவிட்டால் உடம்பு சிறுத்து, முதுகு வளைந்த குட்டிகள் வரத் தொடங்கும். அவ்வப்போது வேறு ஒருவரிடமிருந்து அதே வகை மீனை மாற்றிக்கொள்ளுங்கள்.

உறையூர் தொட்டி

டீச்சர், மிக்க நன்றி. இப்போது கொளத்தூர் அண்ணன் முதலில் கேட்ட கேள்விக்கு வந்து நிற்கிறேன். மோலிக் குட்டிகள் டப்புக்குப் போய்விட்டன, நன்றாகத் தின்கின்றன. அதற்குள் கப்பியும் குட்டி போட்டுவிட்டது. மூன்று மாதத்தில் இவ்வளவு மீனையும் என்ன செய்வது? பக்கத்து வீட்டுத் தாத்தா, "கிணற்றில் விடு, கொசு ஒழியும், மிச்சத்தை வாய்க்காலில் விடு" என்கிறார்.

கொளத்தூர் பக்கம்

மூடிய கிணறு, சொந்தக் கிணறு, மழைக்காலத்தில் நிரம்பி வெளியே வழியாது என்றால் அதில் கப்பி விடுவதில் தவறில்லை. சுகாதாரத் துறையே கொசுப்புழுவுக்காகக் கிணற்றில் கம்பூசியா என்ற சின்ன மீனையும் கப்பியையும் விடுவது உண்டு. வாய்க்காலிலும் ஏரியிலும் மட்டும் விடவே விடாதீர்கள். அந்தக் கம்பூசியா கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன் முட்டை, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கிறார்களே சக்கர் மீன், விரல் நீளத்தில் வாங்கியது ஒரு முழத்தை நெருங்கியதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது தென் அமெரிக்க மீன், உடம்பெல்லாம் கடினத் தகடு. நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் வாங்க ஆள் இல்லை. கெண்டையும் விராலும் இருந்த இடத்தில் வலை போட்டால் அதுதான் வருகிறது என்று மீன் பிடிக்கிறவர்கள் சொல்லக் கேட்டால் மனம் பொறுக்கவில்லை.

குட்டியைக் குறைக்க எளிய வழி, பிறக்காமல் பார்த்துக்கொள்வது. ஆணை ஒரு தொட்டி, பெண்ணை ஒரு தொட்டி என்று பிரியுங்கள். பெண்ணிடம் சேமிப்பு இருப்பதால் இன்னும் சில ஈடு வரும், அப்புறம் நின்றுவிடும். இல்லையென்றால் ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கப்பியில் அழகெல்லாம் ஆணிடம்தானே.

வைகைக் கரை

ஒன்றரை அங்குலம் வந்துவிட்டால் உள்ளூர்க் கடையில் எடுத்துக்கொள்வார்கள். காசு பெரிதாக வராது. தீனி, செடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது வட்டக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் கொடுக்காதீர்கள். மூடி போட்ட 20 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி வைத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

சின்ன மீன்

இடையில் ஒரு அவசரக் கேள்வி. மழை தொடங்கியதிலிருந்து என் கப்பிகள் செடியில் உரசுகின்றன. துடுப்பில் உப்புத்தூள் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. குட்டிகளும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன.

யாழ் தொட்டி

வெள்ளைப் புள்ளி நோய். ஹீட்டர் இருந்தால் வெப்பத்தை 30 டிகிரிக்கு மெதுவாக ஏற்றுங்கள், ஒரே நாளில் வேண்டாம். காற்றைக் கூட்டுங்கள், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். கப்பியும் அதன் குட்டியும் தாங்கும். கோரிடோரஸ் என்ற அடிமட்ட மீன் இருந்தால் அதை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு உப்பு ஆகாது. ஆனால் அதுவும் அதே தண்ணீரில் இருந்த மீன், புள்ளி இல்லாவிட்டாலும் வெப்பத்தை ஏற்றித் தனியே கவனியுங்கள்.

மீனின் தோலுக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. கீழே விழுந்து, பெருகி, நீரில் நீந்தி வரும்போதுதான் சாகும். வெப்பம் அந்தச் சுற்றை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். அந்தத் தொட்டியில் பயன்படுத்திய வலையையும் குழாயையும் வேறு தொட்டியில் வைக்க வேண்டாம், நன்றாகக் காயவிடுங்கள்.

சின்ன மீன்

ஹீட்டர் இல்லை, இன்று மாலை வாங்கிவிடுகிறேன். கோரிடோரஸ் இரண்டு இருக்கின்றன, இப்போதே மாற்றுகிறேன்.

உறையூர் தொட்டி

கப்பிகளை நாளை பிரிக்கப்போகிறேன். ஆண்கள் 2 அடித் தொட்டியில், பெண்கள் புது டப்பில். மோலிக் குட்டிகள் வளர்ந்ததும் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். டப்பும் ஸ்பாஞ்சும் முதலில் வாங்கச் சொல்லிவிட்டேன், அதுவரை அந்த ஸ்பாஞ்சுகளும் என் தொட்டியிலேயே ஓடட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பெண் டப்புக்கு எவ்வளவு செடி போடலாம்?

பாசி

மேல்பரப்பில் பாதி மூடும் அளவு போடுங்கள். மீதி பாதி திறந்திருந்தால்தான் தீனி போட இடம் இருக்கும், நீங்களும் மீனைப் பார்க்கலாம்.